கடலுக்கடியில் வெள்ளீயம்: கார்ன்வால் சுரங்கங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், அலை தொடும் பாறைமேல் இரண்டு பாழடைந்த கல் கட்டடங்கள் நிற்கும் படத்தைப் பார்த்தேன். சுரங்கத்தைப் போயும் போயும் அங்கேயா தோண்டுவார்கள்? கூரை போன பிறகும் சுவர் எப்படி நிற்கிறது?
– வாசகர், தூத்துக்குடி

செயின்ட் ஜஸ்ட் ஊரை ஒட்டிய பொட்டாலக் சுரங்கத்தின் நீராவி எஞ்சின் கூடங்கள் அவை. கிரானைட் ஆறியபோது கிளம்பிய சூடான நீர், பாறை வெடிப்புகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் படியவிட்டுப் போனது. அந்த வட்டாரத்தில் வெடிப்புகள் வடமேற்காக, கடலை நோக்கி ஓடுகின்றன. தாது போன வழியே ஆட்களும் கடலுக்கடியில் போனார்கள். புயல் நாட்களில் கடல் தரையில் பாறைகள் உருளும் சத்தம் தலைக்குமேல் கேட்டது.

சுவர் நிற்பதற்குக் காரணம், கூடமே எஞ்சினின் சட்டம் என்பதுதான். பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம் ஒரு சுவரின் தலையில் உட்கார்ந்து ஏறி இறங்கும். ஒரு முனை உள்ளே சிலிண்டருக்கு மேல், மறுமுனை வெளியே ஷாஃப்டுக்கு, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கு, மேல். அந்தச் சுவரை மற்ற மூன்றைவிடத் தடிமனாக, பெரிய கிரானைட் கற்களால் எழுப்பினார்கள். எஞ்சினைக் கழற்றி விற்ற பிறகும் அது அசையவில்லை.

கடலுக்கடியில் தண்ணீர் கசியாதா? அதை எப்படி இறைத்தார்கள்?
– வாசகி, திருச்சி

கசியும். கார்ன்வால் சுரங்க வரலாற்றில் பாதி, தண்ணீர் இறைத்த வரலாறுதான்.

முதல் வசதி செங்குத்தான கரை. கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, பாறை முகத்தில் ஒரு வடிகால் சுரங்கத்தைத் திறந்துவிட்டால் தண்ணீரைத் தரைவரை ஏற்ற வேண்டாம். அந்த வடிகால் வரை ஏற்றினால் போதும், தானாகக் கடலில் விழும். அதற்குக் கீழே இருப்பதை எல்லாம் பம்ப்தான் இறைக்க வேண்டும்.

நீராவி தண்ணீரை நேராகத் தூக்கியதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது தூக்கியது கம்பத்தை. பைன் மரத் துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்து, ஷாஃப்டின் அடிவரை தொங்கவிட்ட கம்பம் அது. நீராவி அதை மேலே இழுக்கும். கம்பம் தன் எடையாலேயே இறங்கும்போது, அதில் பொருத்திய பிளஞ்சர்கள் (குழாய்க்குள் இறங்கும் உருளைத் தண்டுகள்) தண்ணீரை அடுத்த தொட்டிக்கு அழுத்தி ஏற்றும். ஆழம் கூடக் கூடக் கம்பத்தின் எடை தேவைக்கு மிஞ்சிவிடும். அதனால் கல் நிரப்பிய பெட்டியுடன் ஓர் எதிர்எடை உத்தரத்தைச் சேர்ப்பார்கள். கம்பம் அறுந்தால் இன்னொரு ஆபத்து: சுமை இழந்த உத்தரம் வெறி கொண்டு உள்பக்கம் சாயும், சிலிண்டர் நொறுங்கும். அந்த அடியைத் தாங்கவே கூடத்துக்குள் குறுக்கு மரங்களை வைத்தார்கள்.

கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும்; திரும்பும் கப்பலில் செம்புத் தாது உருக்கலுக்காக ஸ்வான்சீ போகும். கரி அவ்வளவு விலை என்பதால்தான் சிக்கனத்தில் அவர்கள் உலகுக்கே வழிகாட்டினார்கள். ஜேம்ஸ் வாட் தன் எஞ்சினுக்கு வாங்கிய கட்டணம், பழைய நியூகமன் எஞ்சினைவிட மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. 1811 முதல் ஒவ்வொரு எஞ்சினும் எவ்வளவு கரிக்கு எவ்வளவு வேலை செய்தது என்று மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டார்கள். எந்த எஞ்சினியர் சோடை போனார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். போட்டி சூடுபிடித்தது. 1835-இல் ஃபோவி கன்சோல்ஸ் சுரங்கத்தின் எஞ்சின் ஒரு புஷல் (94 பவுண்டு) கரிக்கு 12.5 கோடி அடி-பவுண்டு வேலையைத் தொட்டது (ஒரு பவுண்டு எடையை ஓர் அடி தூக்குவது ஓர் அடி-பவுண்டு). இந்த வெளிப்படையான கணக்கை நீராவியின் வரலாற்றிலேயே பெரிய சாதனைகளில் ஒன்றாக நாம் மதிக்க வேண்டும்.

கல்லில் வெள்ளீயம் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடம் இல்லாமல் எப்படிக் கண்டார்கள்?
– வாசகர், சேலம்

அகலமான மண்வாரி ஒன்று போதும். கல்லை மாவாக இடித்து, மண்வாரியில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும். சேறு கலங்கி வழிந்துவிடும். பிறகு மண்வாரியை முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி ஆட்டினால், கனமான தாது பிறை வடிவில் ஒதுங்கும். அதை உலர்த்தி எடை போட்டால் கல்லின் தரம் தெரிந்துவிடும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் வெள்ளீயத் தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 7, கூட வரும் குவார்ட்ஸ் கல்லுக்கு 2.65, அதனால் பிரிவது எளிது.

சிக்கல் ஆர்சனிக் தாதுவில். அதன் அடர்த்தியும் 6 அளவில் இருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் வெள்ளீயத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அதனால் சூளையில் வறுத்தார்கள். ஆர்சனிக் ஆவியாகிப் போகும். மிஞ்சும் இரும்பு ஆக்சைடு லேசானது, மறுபடி கழுவினால் போய்விடும். ஆவியை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளில் செலுத்தினால் சுவரில் வெள்ளைப் பொடியாகப் படியும். முகத்தில் களிமண் பூசி, மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு அதைச் சுரண்டினார்கள். அந்த நஞ்சு அமெரிக்கப் பருத்திப் பூச்சிக்கு மருந்தாகப் போனது.

பெரிய விபத்துகள் நடந்தனவா?
– வாசகி, ஈரோடு

பொட்டாலக்கில் 1863-இல் சாய்வு ஷாஃப்டில் சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். பக்கத்து லெவன்ட் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்க, 12 அடிக்கு ஒரு படி வைத்த மரக் கம்பம் இருந்தது. கம்பம் 12 அடி ஏறும், இறங்கும். ஏறியதும் ஷாஃப்டின் பக்கத் தட்டுக்குத் தாவி, அடுத்த படி கீழிறங்கி வரும்வரை நிற்க வேண்டும். ஏணியில் ஏறி நுரையீரல் கெட்டவர்களுக்கு அது வரமாக இருந்தது. 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், கம்பத்தை உத்தரத்தோடு இணைத்த இரும்புப் பட்டை உடைந்தது. 31 பேர் மாண்டனர். கம்பத்தை மறுபடி அமைக்கவில்லை. 1930-இல் சுரங்கம் மூடப்பட்டது.

கோலார் தங்கவயலுக்கும் கார்ன்வாலுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், வேலூர்

உண்டு. 1866-இல் செம்பு விலை சரிந்தது. பிறகு ஆஸ்திரேலியா, மலாயாவின் மலிவான வெள்ளீயம் சந்தையை நிறைத்தது. வேலை இழந்த கார்ன்வால் சுரங்கக்காரர்கள் உலகெங்கும் போனார்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரை ஏற்றபோது, அவர்களில் பலர் மேற்பார்வைக்கு வந்தனர். அவர்களுக்குக் கீழே பாறை உடைத்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழர்கள்.

இப்போது பார்க்க முடியுமா?
– வாசகி, சென்னை

முடியும். இந்தச் சுரங்கப் பகுதி 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 1990-இல் மூடிய ஜீவர் சுரங்கம் அருங்காட்சியகமாக இருக்கிறது. லெவன்டில் 1840-ஆம் ஆண்டு எஞ்சினை நீராவியிலேயே ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓடும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள், பழைய ஷாஃப்டுகள் புதருக்குள் மறைந்திருக்கும். கழிவுக் குவியல்களில் இன்னும் ஆர்சனிக் உண்டு. குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.