கண்டி ஏரிக்கரை: கேள்வியும் பதிலும்

கண்டி நகரையும், அங்கிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களையும் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்கள் கீழே.

திருச்சி வாசகர்: கொழும்பிலிருந்து நுவரெலியா போகும் வழியில் கண்டிக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?

போதாது. புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று பூசை: காலை 5.30, 9.30, மாலை 6.30. ஊரின் நாளே இந்த மூன்றையும் சுற்றித்தான் ஓடுகிறது. நடுப்பகலில் வந்திறங்கிப் பிற்பகலில் கிளம்புகிறவர்களுக்கு மூன்றில் ஒன்றும் கிடைக்காது. மூடிய கதவையும் வெயிலையும் பார்த்துவிட்டு "கண்டியில் ஒன்றுமில்லை" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஓர் இரவு தங்குங்கள். பிற்பகல் மூன்றரைக்கு ஏரியைச் சுற்றி நடை, ஐந்து மணியளவில் கண்டிய நடனம், அது முடிந்ததும் மாளிகையில் மாலைப் பூசை. மறுநாள் காலை ஏழரைக்குப் பேராதனைப் பூங்கா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நுவரெலியா கிளம்பலாம்.

கோயம்புத்தூர் வாசகி: மாளிகைக்குள் புத்தரின் பல்லைப் பார்க்க முடியுமா? பூசையில் என்ன நடக்கும்?

பல்லைப் பார்க்க முடியாது. பூசை நேரத்தில் மேல்மாடி அறையின் கதவு திறக்கும். தாதுகோபுர வடிவிலுள்ள பொற்பேழை உள்ளே தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள். கடைசிப் பேழைக்குள் தாது, அதாவது அந்தப் பல். வரிசை வாசலைக் கடக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடிகள். அதற்காகவே வரிசையில் நின்றால் ஏமாற்றமாக இருக்கும்.

நான் சொல்வது இது. பூசைக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். முதலில் மேலே ஓடாமல் கீழ்த்தள மண்டபத்தில் நில்லுங்கள். மேளக்காரர்கள் வந்து நின்று ஹேவிசி என்ற பூசை மேளம் வாசிக்கத் தொடங்குவார்கள். மரக்கூரைக்கும் கல்தரைக்கும் நடுவே அந்த முழக்கம் நெஞ்சில் அடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் அதைக் கேட்டுவிட்டு மாடி ஏறி வரிசையில் சேருங்கள்.

பூ வாங்குவதானால் வெளியே கடைகளில் நீலோற்பலம், தாமரை, ஈழத்தலரி கிடைக்கும். காணிக்கைப் பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. நம் கோயில் வழக்கமும் அதுதானே. புதன்கிழமை போனால் நானுமுர மங்கல்லய என்ற நீராட்டுச் சடங்கும் உண்டு.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் நாட்டைவிட்டே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், மூடிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் வாசகர்: கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

கண்டிக்குப் போகும்போது வலப்பக்கம். ரம்புக்கணை வரை இரண்டு பக்கமும் வயலும் தென்னையும்தான். அதற்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது; 44 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு. கடுகண்ணாவை வரை வலப்பக்கம் பள்ளத்தாக்கு திறந்தே கிடக்கும். தூரத்தில் தட்டையான உச்சியோடு நிற்பது பைபிள் பாறை.

இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, முன்பதிவுப் பெட்டியில் ஜன்னல் மூடிய குளிர்சாதன இருக்கையை எடுப்பது. படம் எடுக்க வேண்டுமானால் ஜன்னல் திறக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்புதான். இன்னொன்று, கண்டிக்குப் பிறகும் "வலப்பக்கம்" என்றே இருப்பது. கண்டி நிலையத்துக்குள் வந்துவிட்டுப் பதுளைக்குப் போகும் ரயில் அங்கே திசை மாறித்தான் வெளியேறும். வலம் இடமாகிவிடும்.

மழைமாதங்களில் மண்சரிவு வந்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். முதல்நாளே நிலையத்தில் விசாரியுங்கள்.

ஈரோடு வாசகர்: காலையில் போய் மாலையில் கொழும்பு திரும்பினால் சரிவருமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

மட்டக்களப்பு வாசகி: ஏரியைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எதைக் கவனிக்க வேண்டும்?

சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நின்று பார்த்து நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். இது இயற்கை ஏரி அல்ல. வயல் கிடந்த இடத்தில் 1807-இல் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணை கட்டி உண்டாக்கியது.

மாளிகைப் பக்கத்தில் கரைச்சுவரை உற்றுப் பாருங்கள். மேல் விளிம்பு நேராக இல்லாமல் மேகம் புரள்வதுபோல் வளைந்து போகும். பெயரே மேகச் சுவர்தான். சிங்களத்தில் வலாகுளு பெம்ம. சுவர் முழுக்க வரிசையாக முக்கோண மாடங்கள். அவற்றுக்குள் விளக்கேற்றினால் சுடரும் சுவரும் தண்ணீரில் விழும். எல்லாரும் சாய்ந்து படம் எடுத்துவிட்டுப் போகிற சுவர் அது. கையை மாடத்துக்குள் விட்டுப் பாருங்கள், அகல் வைக்கும் அளவு புரியும். சுவர் ஏரி முழுவதையும் சுற்றவில்லை. மன்னனின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

கரையோரம் தண்ணீருக்குள் நிற்கும் தூண் மண்டபம் அரசிகள் குளித்த இடம். நடுத்தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். தென்கரையில் மல்வத்தை விகாரை. மேலே ராஜபிஹில்ல வீதியில் ஏறினால் ஏரியும் மாளிகையும் ஒரே பார்வையில் விழும் முனை இருக்கிறது. ஓட்டோவில் ஏறி நடந்து இறங்குங்கள்.

குடை எடுத்துப் போங்கள். மழைக்கு மட்டுமல்ல. கரை மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் மாலையில் கூட்டமாக வந்து அடையும். அந்த மரங்களுக்குக் கீழே நடைபாதை வெள்ளையாக இருப்பதைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

இன்னொன்று. ஏரிக்கரையில் "நான் உங்கள் ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன், இன்று லீவு" என்று பேச்சுக் கொடுத்து வருகிறவரோடு எங்கும் போகாதீர்கள். போகிற இடம் ரத்தினக் கடை, பாத்திக் துணிக் கடை அல்லது மூலிகைத் தோட்டமாக இருக்கும். விலையில் அவர் பங்கும் சேர்ந்திருக்கும்.

வேலூர் வாசகர்: எங்கள் ஊர் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி மன்னர் சமாதி இருக்கிறது. அவர் தமிழர்தானே? கண்டியில் அவருக்கு என்ன இருக்கிறது?

கண்டியில் அவருக்கு இருப்பது நீங்கள் சுற்றிநடக்கும் ஏரியும், மாளிகை முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும். இரண்டுக்கும் பின்னால் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பாச்சாரியின் கை.

மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் அரியணை ஏறி, 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தார். மதுரை நாயக்கர் வழி. நாயக்கர்கள் தெலுங்கு மூலத்தவர்.

யாழ்ப்பாண வாசகர்: தெலுங்கர் என்று ஒரே வரியில் முடிப்பது சரியல்ல. கண்டி அரசவையில் தமிழ் இருந்தது.

இருந்தது. நான் மறுக்கவில்லை. மூலம் எது, புழங்கிய மொழி எது என்பவை இரண்டு கேள்விகள். 1739-இல் மன்னன் நரேந்திரசிங்கன் வாரிசு விடாமல் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி அரியணை ஏறினார். அவரோடு நாயக்கர் வரிசை தொடங்குகிறது. மொத்தம் நான்கு மன்னர்கள். குடும்பம் தெலுங்கு மூலம், வந்த மண் தமிழ் மண், அரண்மனையில் தமிழும் சிங்களமும். அவர்கள் ஆதரித்த சமயம் பௌத்தம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோன உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவுச் சடங்கை, மீட்டார். இன்று நாம் பார்க்கும் பெரஹரா ஊர்வலத்தில் தலதா முன்னே வருவதும் அவர் காலத்து ஏற்பாடு.

மதுரை வாசகர்: அப்படியானால் ஆங்கிலேயர் ஏன் "மலபார்" என்று எழுதினார்கள்? அது தமிழரைக் குறிக்கும் சொல்தானே?

நல்ல கேள்வி, குழப்பம் பிறந்த இடமே அது. 1815 மார்ச் 2 அன்று, மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மன்னரின் உறவினரை அது "மலபார் இனம்" என்றே சொல்லி, ஆட்சி உரிமையை நீக்கியது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரையும் அந்த ஒரே சொல்லால் அழைத்தார்கள். ஆகவே அந்தத் தாளைக் காட்டி "தமிழர்" என்றும் நிறுவ முடியாது, "தமிழரல்லர்" என்றும் நிறுவ முடியாது. அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவில் போய் நில்லுங்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அரசு முடிந்த இடம் அது.

வேலூர் வாசகர் மீண்டும்; யாழ்ப்பாணம், சேலம், கனடா வாசகர்கள்: இதே பொருளில் மேலும் ஏழு கேள்விகள்.

படித்தேன். புதிதாக எதுவும் இல்லை. தமிழ்த் தொடர்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: சிற்பம் பார்க்கப் பிடிக்கும். கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள், ஐயா.

எம்பக்கே, லங்காதிலக, கடலாதெனிய. மூன்றும் பதினான்காம் நூற்றாண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு எம்பக்கேயில் தொடங்கி இதே வரிசையில் நடந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். கடலாதெனியவிலிருந்து பிலிமத்தலாவை பிரதான வீதிக்கு இறங்கினால் கண்டி பஸ் அடிக்கடி வரும்.

எம்பக்கே கதிர்காமக் கடவுளின் தேவாலயம், அதாவது நம் முருகன். மேளக்காரர் மண்டபத்தின் மரத்தூண்களில் இரட்டைத் தலைப் பறவை, மல்லர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய். எல்லாரும் தூணையே பார்ப்பார்கள். நீங்கள் உள்பக்கம் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஒரே முளையில் வந்து கூடும். மதொல் குருபாவ என்பது அதன் பெயர். ஒரு விரலில் குடைக்கம்பிகள் எல்லாம் கூடுவதுபோல் இருக்கும்.

லங்காதிலக, 1344. பாறைமேல் நிற்கும் விகாரை. புத்தருக்கு ஒரு வாசல். சுற்றிவந்தால் பிள்ளையார் உட்பட தெய்வங்களுக்குத் தனிச் சந்நிதிகள். அங்கே பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. செருப்பில்லாமல் நிற்க வேண்டிய பாறை. பதினொரு மணிக்குப் பிறகு கால் கொப்பளிக்கும், அதனால்தான் எட்டு மணிக்கு எம்பக்கே என்றேன். சந்நிதி பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவிக்காரர் பக்கத்திலேயே இருப்பார், கேளுங்கள்.

கடலாதெனியவும் 1344தான். கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்திய ஸ்தபதி. கருங்கல் வேலை, திராவிட விமானம். தஞ்சாவூர்க்காரருக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

சென்னை வாசகர்: அண்ணா, ஏரிக்கரையில் ஒருவர் "இன்று விசேஷ பெரஹரா, டிக்கெட் வாங்கித் தருகிறேன்" என்றார். வாங்கலாமா?

வாங்காதீர்கள், தம்பி. மேலே சொன்ன அதே ஆள்தான், வேறு வசனம். எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்டில் பத்து இரவுகள் மட்டும்.

கொழும்பு வாசகி: பெரஹராவுக்குக் குழந்தைகளோடு வரலாமா? எந்த நாள் நல்லது?

முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி. கடைசி இரவு மிகப் பெரியது. அன்று நடைபாதையில் இடம் பிடிக்கக் காலையிலேயே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தபின் எழுந்து போக வழி இருக்காது. கழிப்பறைக்குக்கூட. குழந்தைகளோடு என்றால் கும்பல் பெரஹராவின் நான்காம் அல்லது ஐந்தாம் இரவு. யானைகள் குறைவு, ஆனால் ஆட்டமும் மேளமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சாட்டைக்காரர்கள் முதலில் வருவார்கள். அந்தச் சத்தத்தைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யானைமேல் போகும் பேழையில் தாது இல்லை.

தலதாவின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள். பத்தினி என்பது நம் கண்ணகி. பெரஹரா இல்லாத நாளிலும் அந்தத் தேவாலயம் மாளிகைக்கு எதிரில் திறந்திருக்கும். பெரும்பாலான தமிழர்கள் தெரியாமல் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

திருநெல்வேலி வாசகர்: விசா எப்படி எடுப்பது?

என் துறை அல்ல. அரசுத் தளத்தில் பாருங்கள்.

சிங்கப்பூர் வாசகி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பேராதனைப் பூங்காவில் நடக்க முடியுமா?

முழுவதும் முடியாது, 147 ஏக்கர். வாயிலில் பேட்டரி வண்டி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மூன்றே இடம்: இரட்டைத் தேங்காய் காய்க்கும் சீஷெல்ஸ் மரங்கள், பெரும்புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்தி, 1901-இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்க மரம். அத்தியின் கீழே அம்மா உட்காரட்டும், நீங்கள் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்கள் வரை போய்வாருங்கள். மகாவலி மேல் தொங்குபாலம் ஆடும்; அவரை ஏற்ற வேண்டாம்.

கரூர் வாசகர்: அரைக்காற்சட்டையோடு மாளிகைக்குள் விடுவார்களா?

முழங்கால் மூட வேண்டும். இரண்டாவது பதிலில் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: ஒரு நாள் போதுமா?

முதல் பதில்.

ஹட்டன் வாசகர்: உடவத்தக்கெலே காட்டில் அட்டை கடிக்குமா?

மழை பெய்தால் கட்டாயம் கடிக்கும். காலுறையை எடுத்துக் காற்சட்டையின் வெளிப்பக்கம் இழுத்துவிட்டு, காலுறையில் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், வாய் பதிந்த இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயம் வேண்டாம். மாளிகையின் பின்புறமாக ஏறினால் இருபது நிமிடத்தில் வாயில். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். மாலைப் பூசைக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்காவது கீழே இறங்கத் தொடங்குங்கள்; கால் கழுவ நேரம் வேண்டும்.