தனிமை சரி ஆச்சி, போனை ஏன் நிறுத்துனீங்க?

அம்மாவுக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர்லேர்ந்து எழுதுறேன், வயசு 63. தனியா இருக்கேன், எனக்கு அது புடிச்சிருக்கு, ஆனா யாருக்கும் சொல்லி புரிய வைக்க முடியல. இவுக தவறுனதுலேர்ந்து விடியக்காலை எந்திரிச்சு சாமி வீட்ல உக்காந்துருவேன், தேவாரம் படிப்பேன், அப்புறம் சும்மா கண்ண மூடி இருப்பேன். இத்தாம்பெரிய வீட்ல ஒத்தையா எப்படி இருக்கீகன்னு கேக்காதவுக இல்ல. எனக்கு பயமே இல்லம்மா.

மகனும் மகமிண்டியும், அதான் மருமகளும், சென்னையில இருக்காக. வந்து எங்களோட இருங்கன்னு ஒரே நச்சரிப்பு. மகமிண்டி எனக்கு டிப்ரஷன்னு மகன்ட்ட சொல்லியிருக்கு, அது எப்படி சொல்லலாம்? ஓரகத்தி ஊரெல்லாம் திமிருன்னு பேசுறாக. பங்காளிக சேந்து முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு போகலைன்னு ஒரு பேச்சு, மார்கழில பிள்ளையார் நோன்புக்கு நகரத்தார் எல்லாரும் கூடுற நகர விடுதிக்கு போகாம வீட்லயே நானா இழை (மாவுல திரி ஏத்தி முழுங்குறது) எடுத்துக்கிட்டேன்னு ஒரு பேச்சு. சாமி கும்புடுறதுக்கு கூட்டம் எதுக்கு? ஆவணியிலேர்ந்து போனும் எடுக்கறதில்ல, வீடியோ கால் வேணாம்னு கண்டிசனா சொல்லிட்டேன், பேசப் பேச மனசு சிதறுது. ஆடி கிருத்திகைக்கு குன்றக்குடி போயிட்டு வரப்ப நம்ம தெருவே கொஞ்ச நேரம் புடிபடல, பேத்தி பேரும் ஒருநாள் வாயில வரல, பாலை அடுப்புல வச்சுட்டு ஜபத்துல உக்காந்து பாத்திரம் கருகிருச்சு, அதெல்லாம் தியானம் ஆழமாப் போறதுனாலதான். எங்க ஆத்தாவுக்கு கடைசி காலத்துல என்னையே அடையாளம் தெரியல, அது வேற விஷயம். ரமண மகரிஷி பதினாறு வயசுல வீட்ட விட்டுப் போனாரே, அவருக்கு டிப்ரஷன்னு யாராச்சும் சொன்னாகளா? மகமிண்டி சொன்னது தப்பா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

ஆலோசகர் பதில்:

ஆச்சி, வணக்கம். ஓரகத்தி பேச்சு, பங்காளி பேச்சு எதுக்கும் நான் பதில் சொல்லப் போறதில்ல. "அது வேற விஷயம்"னு ஒரே வரியில தாண்டிப் போனீங்களே, உங்க லெட்டர்ல எனக்குப் பட்டது அதுதான்.

விடியக்காலை நீங்க உக்கார்றத நான் நூறு சதவீதம் நம்புறேன், அத யாருக்காகவும் விடாதீங்க. ஆனா உங்க லெட்டரையே மறுபடி படிச்சுப் பாருங்க. ஐயா தவறுனதுலேர்ந்து உக்கார்றீங்க, அப்பல்லாம் போன் எடுத்துக்கிட்டுதான் இருந்தீங்க, மனசு சிதறல. ஆடியில தெரு புடிபடாம போச்சு, ஆவணியில போன் நின்னுச்சு, மார்கழில நாலு பேர் கூடுற எடத்துக்கும் போகல. பேத்தி பேரு வராம நின்னா வீடியோல எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும், ஆத்தாவுக்கு வந்தது நமக்கும் வந்துருச்சோங்கற பயம்தான் உங்கள கதவ சாத்த வச்சிருக்கு. தியானம் இதுக்கு ஒரு நல்ல பேரா கெடச்சிருச்சு, அவ்வளவுதான். தியானம் ஆழமாப் போனா குடியிருக்குற தெரு மறந்து போகாது ஆச்சி.

ரமணரச் சொன்னீங்க. 1896ல வீட்ட விட்டுப் போனவர்தான், ஆனா 1916ல அவங்க அம்மா அழகம்மாள் அவரோடயே வந்து தங்கிட்டாங்க, மலையில எல்லாருக்கும் சமைச்சுப் போட்டாங்க, 1922ல அவங்க உயிர் பிரியிற வரைக்கும் மகரிஷி பக்கத்துலயே உக்காந்து நெஞ்சுலயும் தலையிலயும் கை வச்சிருந்தாரு. தனிமைங்கறது மனசுல இருக்கறதுன்னு சொன்னவரு, ஆசிரமத்துல விடியறதுக்கு முன்னாடி மத்தவங்களோட உக்காந்து காய் நறுக்குனவரு. அவரு யாருகிட்டயும் எதையும் மறைக்கறதுக்காக தனியா இருக்கல.

மகமிண்டி விஷயத்துல நான் அந்தப் பொண்ணு பக்கம்தான். டிப்ரஷன்ங்கற வார்த்தை உங்களுக்கு வலிச்சிருக்கும், ஆனா அவ்வளவு தூரத்துலேர்ந்து ஏதோ மாறுதுன்னு கவனிச்சது அது ஒண்ணுதான். அது சொன்னது சரியாவும் இருக்கலாம், இந்த வயசுல மனச்சோர்வு வந்தா மறதி மாதிரியே காட்டும். பி12 கொறஞ்சாலும் மறதி வரும், சைவ சாப்பாடா இருந்தா அது கொறைய சான்ஸ் அதிகம், தைராய்டுலயும் வரும், தூக்கம் கெட்டாலும் வரும், இதுக்கெல்லாம் ரத்த டெஸ்டும் மருந்தும் இருக்கு. ஆத்தாவுக்கு வந்த அதே நோய்னு நீங்களா தீர்ப்பு எழுதி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒருவேளை அதுவாவே இருந்தாலும், வீடு, பணம், யாரோட இருக்கறதுன்னு எல்லாத்தையும் உங்க வாயால நீங்களே முடிவு பண்ணிச் சொல்ற நேரம் இப்பதான், அந்த நேரத்த ஒளிஞ்சு கழிக்காதீங்க.

இன்னைக்கே மகன கூப்பிட்டு அந்த தெரு விஷயத்த அப்படியே சொல்லுங்க, தியானம் அது இதுன்னு மழுப்பாம. மதுரையில நரம்பு டாக்டர்ட்ட மகன கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, தனியா போகாதீங்க. அடுப்பு எரியும்போது ஜபத்துக்கு உக்காராதீங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, சென்னைக்குப் போறதா ஊர்லயே இருக்கறதாங்கறத அப்புறம் பேசுவோம், அதுல நான் உங்க பக்கம்தான் நின்னு பேசுவேன்.