சி.பி.ஜி. எண்ணெய் பெருங்குடல் அழற்சியை ஆற்றுமா?

கேள்வி: எனக்கு வயது 54. டொரோண்டோவில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய்) இருப்பதால், அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை எடுக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தாலும் போதை தராதது என்று சொல்லி, சி.பி.ஜி. எண்ணெய் ஒன்றை என் மகன் வாங்கி வந்திருக்கிறான். மெசலமைனை நிறுத்திவிட்டு இதை எடுக்கலாமா?

பதில்: மெசலமைனை நிறுத்த வேண்டாம். இப்போது வயிறு அமைதியாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்றால், அதை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ இரத்தப்போக்கு திரும்ப வரக்கூடும்.

சி.பி.ஜி. எனப்படும் கன்னாபிஜெரால், இஸ்ரேலிய வேதியியலாளர்களான கவோனியும் மெஷூலமும் 1964இல் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த பொருள். இதன் அமில வடிவத்திலிருந்தே போதை தரும் டி.எச்.சி., போதை தராத சி.பி.டி. ஆகியவற்றின் அமிலங்களைச் செடி உருவாக்கிக்கொள்கிறது. முற்றிய பூவில் சி.பி.ஜி.யாக எஞ்சுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் விலையும் கூடுதல். அந்த விலையை மருந்தின் வீரியத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

குடல் அழற்சிக்கு இது நல்லது என்ற பேச்சுக்கு அடிப்படை உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வேதிப்பொருளால் பெருங்குடலில் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சி.பி.ஜி. கொடுத்தபோது குடலின் வீக்கமும் சேதமும் குறைந்தன. ஆனால் அங்கே அது எலியின் வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. நாவடியில் விடும் சில சொட்டுகளை அதனுடன் ஒப்பிட முடியாது. மனிதர்களில் 2024இல் வெளியான ஓர் ஆய்வில், 34 பேருக்கு 20 மில்லிகிராம் கொடுத்தபோது பதற்றம் சற்றுக் குறைந்தது. அவர்கள் கோலைட்டிஸ் நோயாளிகள் அல்லர்.

அதன் உறவுப் பொருளான சி.பி.டி.யோ கோலைட்டிஸ் நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டுள்ளது. சி.பி.டி. மிகுந்த சாற்றை 10 வாரம் எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 26 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்தது. அதாவது வேறுபாடு இல்லை. இஸ்ரேலில் நடந்த இன்னொரு ஆய்வில் டி.எச்.சி. மிகுந்த கஞ்சாவைப் புகைத்த கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு வலியும் வயிற்றுப்போக்கும் குறைந்து வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. ஆயினும் குடல் அழற்சியைக் காட்டும், மலத்தில் அளக்கப்படும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு குறிப்பிடத்தக்க அளவில் இறங்கவில்லை. உங்கள் விஷயத்தில் நான் அஞ்சுவது இதைத்தான்: உள்ளே புண் ஆறாமலே 'நன்றாக இருக்கிறேன்' என்ற உணர்வு வந்துவிட்டால், மருத்துவரிடம் போவது தள்ளிப்போகும்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சி.பி.ஜி., இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளை (செல்களில் உள்ள, மருந்துகள் ஒட்டிச் செயல்படும் புரதங்களை) தூண்டுகிறது. குளோனிடின் என்ற இரத்த அழுத்த மருந்தும் அவற்றின் மேல்தான் செயல்படுகிறது. எலிகளில் சி.பி.ஜி. இரத்த அழுத்தத்தைக் குறைத்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே மாத்திரையுடன் இதுவும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரக்கூடும். புட்டியின் லேபிளையும் பாருங்கள்: சி.பி.ஜி. என்று விற்கப்படும் எண்ணெய்கள் பலவற்றில் சி.பி.டி.யும் சிறிது டி.எச்.சி.யும் கலந்திருக்கும். அதிக அளவில் எடுக்கும் சி.பி.டி. கல்லீரல் நொதிகளை உயர்த்துவது, வலிப்பு நோய்க்கு அது மருந்தாகக் கொடுக்கப்பட்டபோதே தெரியவந்தது.

மகன் அன்பால் வாங்கி வந்ததைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை குடல் நோய் நிபுணரிடம் போகும்போது புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மலக் கால்ப்ரோடெக்டின், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் கேளுங்கள். அவர் சம்மதித்தால், மெசலமைனைத் தொடர்ந்தபடியே குறைந்த அளவில் தொடங்கி, வீட்டில் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவையுங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணெயை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ஊருக்குப் பயணம் போகும்போது புட்டியைப் பெட்டியில் வைக்காதீர்கள். கனடாவுக்குள் சட்டப்படி வாங்கியதானாலும் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம்.