வாளை விழுங்கும் நீர்ப்பேய்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஐவர் போயா தினங்களில் வெள்ளவத்தையில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் வீரர்களாக ஆடும் மேசை விளையாட்டு அது. கதையை நடத்துபவன் நான். களனி கங்கையில் வாழும் நீர்ப்பேய் ஒன்றை உருவாக்கி, உலோக ஆயுதங்களால் அதற்குப் பாதிச் சேதமே நேரும் என்று விதி எழுதினேன். சண்டை ஒன்றரை மணி நேரம் நீண்டது. முடிவில் ஒருவர், "இதற்கு உயிர்ப்புள்ளி கொஞ்சம் அதிகம் போல" என்றார் (எவ்வளவு சேதத்தைத் தாங்கும் என்ற எண்ணிக்கையே உயிர்ப்புள்ளி). உலோகத்தைத் தாங்கும் அந்த ஆற்றலை எவருமே கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று ஆற்றல்களைச் சேர்க்கலாமா?

வாசகர், தெஹிவளை

அன்புள்ள நண்பருக்கு,

சேர்க்க வேண்டாம். உங்கள் நண்பரின் கணிப்பு சரியானது: பாதிச் சேதமும் இரு மடங்கு உயிர்ப்புள்ளியும், உங்கள் கொப்பியைப் பார்க்காத ஒருவருக்கு ஒன்றேதான். நானும் ஒருமுறை புளியமரத்து முனி ஒன்றுக்கு ஏழு ஆற்றல்களை எழுதி வைத்தேன். மூன்றாம் சுற்றிலேயே அது மாண்டது, வெளிப்பட்டவை இரண்டு.

அந்த விளையாட்டில் வரும் ட்ரோல் என்ற அரக்கனைப் பாருங்கள். நெருப்போ அமிலமோ படாதவரை அதன் காயங்கள் சுற்றுக்குச் சுற்று ஆறிக்கொண்டே வரும். கணக்கின்படி இதுவும் உயிர்ப்புள்ளியைக் கூட்டும் வேலைதான். ஆயினும், தாம் வெட்டிய இடம் கண்ணெதிரே மூடிக்கொள்வதைக் கேட்ட ஆட்டக்காரர் அடுத்த முறை வாளை ஓங்கத் தயங்கி, கையிலிருக்கும் தீப்பந்தத்தை நினைக்கிறார்.

இன்னும் எனக்குப் பிடித்தது, 1975இல் அந்த விளையாட்டுக்கு வந்த கிரேஹாக் துணைநூலில் இடம்பெற்ற ரஸ்ட் மொன்ஸ்டர் என்ற துரு மிருகம். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அதை ஒரு மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்தே உருவாக்கினார். உயிரைக் குடிக்கும் மிருகமன்று. அதன் உணர்கொம்பு பட்ட இரும்புக் கவசம் துருவாகிவிடும், அவ்வளவே. ஆனால் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கிய கவசத்தை, தன் வீரனின் உடைமைகளை எழுதிவைத்த தாளிலிருந்து நீக்க ஆட்டக்காரர் அழிறப்பரைத் தேடும் அந்த நிமிடத்தில், கதைக்குள் நிகழ்ந்தது மேசைமீதும் நிகழ்ந்துவிடுகிறது.

உங்கள் நீர்ப்பேய்க்கும் இதையே செய்யலாம். பாதிச் சேதத்தை விட்டுவிடுங்கள். அதன் உடலில் பாயும் வாள் முழுச் சேதத்தையும் விளைவிக்கட்டும். ஆனால் திரும்பி வராமல் உள்ளேயே தங்கட்டும். "வெட்டினீர்கள், பேய் அலறியது, உங்கள் கை வெறுங்கை, கலங்கிய வயிற்றுக்குள் உங்கள் வாள் மினுங்குகிறது" என்று சொல்லி, தாளிலுள்ள ஆயுதத்தின் பெயரை அடிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே, இயன்றால் சண்டைக்கு முன்பே, கரையில் ஒரு வள்ளக்காரரின் கத்தி அதன் வயிற்றில் தெரியட்டும். அதன்பின் ஒருவர் கழியை எடுப்பார், இன்னொருவர் உப்பு இருக்கிறதா என்று கேட்பார். உப்புக்கு நீங்கள் விதி எழுதியிராவிட்டாலும் அங்கேயே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

பேய் மாண்டதும் வாள்கள் ஆற்றுமணலில் கிடக்கட்டும். அவற்றைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், அடுத்த போயாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.