யாருடைய வயலில் நடக்கிறோம்? (கடிதமும் பதிலும்)

வணக்கம்,

எடின்பரோவில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் இருப்பேன். ட்வீட் ஆற்றங்கரையில் நடப்பதைப் பற்றி நீங்கள் எப்போதோ போகிற போக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு 67 வயது. ஊரில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவன்தான், ஆனால் மேடு ஏறினால் வலது முழங்கால் முணுமுணுக்கும், எனவே மலையெல்லாம் வேண்டாம். போன வாரம் அந்தப் பக்கம் காரில் போனோம். ஆற்றை ஒட்டி ஒரு பாதை, நடுவில் ஒரு கேட், கேட்டுக்கு அப்பால் யாரோ ஒருவருடைய புல்வெளியில் ஆடுகள். “திறந்துட்டுப் போலாம்ப்பா” என்றாள் மகள். எனக்குத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டோம். உண்மையிலேயே போகலாமா? அவளுடைய நாயையும் கூட்டிப்போகலாமா? எங்கே ஆரம்பிப்பது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் மகள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கேட் எந்தக் கரையில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லையே. ட்வீட் ஏறக்குறைய 156 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. மேல்பாதி முழுக்க ஸ்காட்லாந்துக்குள். கெல்சோ என்ற ஊரைத் தாண்டிக் கீழே வந்தபிறகு ஒரு நீளத்துக்கு ஆறேதான் எல்லை, வடகரை ஸ்காட்லாந்து, தென்கரை இங்கிலாந்து. அங்கே ஒரு பாலத்தைத் தாண்டினால் உங்கள் காலுக்குக் கீழே சட்டம் மாறிவிடும். கொடி, சோதனைச்சாவடி எதுவும் கிடையாது. புல்லும் ஆடும்கூட இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஸ்காட்லாந்தில் 2003-ல் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பொறுப்போடு நடந்துகொள்கிறவரை பெரும்பாலான நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது அதன் சாரம். பாதை இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வீட்டையும் வீட்டுத் தோட்டத்தையும் விட்டு விலகி நடக்கவேண்டும், பயிர் நிற்கிற வயலுக்குள் மிதிக்கக் கூடாது, ஆனால் அதன் ஓரமாக, அதாவது நம் கணக்கில் வரப்போரமாக, போகலாம். கேட் மூடியிருந்தால் திறந்து போய் மூடவேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விட்டுவிட வேண்டும். இந்த இரண்டாவதை நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள், நல்ல காரியம் செய்வதாக நினைத்துச் சாத்திவிட்டுப் போவார்கள். ஆடு தண்ணீர் குடிக்கப் போகும் வழியாக இருந்திருக்கும்.

இங்கிலாந்துக் கரையில் விஷயம் வேறு. அங்கே உரிமை நிலத்தின் மேல் இல்லை, பாதையின் மேல்தான். பொதுப்பாதை என்று பதிவான கோடு ஒருவருடைய வயலுக்கு நடுவே போனாலும் அதில் தாராளமாக நடக்கலாம், கோட்டை விட்டு விலகக் கூடாது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அது பச்சை நிறத்தில் விட்டுவிட்டு ஓடும் கோடு. தரையில் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தவறிப்போய் விலகினாலும் பொதுவாக போலீஸ் வருகிற விவகாரம் இல்லை, ஆனால் நிலத்துக்காரர் வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும்.

எனக்கு இது புத்தி வந்த கதையைச் சொல்கிறேன். ஒருமுறை வடகரையில் அரைநாள் இஷ்டப்படி நடந்துவிட்டு, அதே தோரணையில் பாலம் தாண்டித் தென்கரையிலும் ஒரு புல்வெளியைக் குறுக்காக வெட்டிப் போனேன். நாலு சக்கர பைக்கில் ஒருவர் வந்து நின்றார். திட்டவில்லை. “பாதை அதோ அங்கே இருக்கிறது” என்று இருநூறு அடி தள்ளிக் கையைக் காட்டினார், நான் அங்கே போய்ச் சேரும்வரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் கேட்டருகே தயங்கியது எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் ஊரில் வரப்பில் நடக்க யாரும் சட்டம் பார்ப்பதில்லை, ஆனால் “யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுக்கு” என்று ஒரு குரல் வரும். அதற்குப் பதில் இருந்தால் போதும், அதுதான் நம் அனுமதிச்சீட்டு. இங்கே அந்தக் குரல் வராது. வராததால்தான் நமக்குக் கால் எழுவதில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உங்கள் முழங்காலுக்கு முதலில் மெல்ரோஸ். எடின்பரோ வேவர்லியிலிருந்து ட்வீட்பேங்க் ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1969-ல் மூடிவிட்ட பழைய தடத்தின் ஒரு பகுதியை 2015-ல் மறுபடி திறந்தார்கள், அதன் கடைசி நிலையம் இது. இறங்கி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டால் கீழ்நோக்கி மெல்ரோஸ்வரை மூன்று கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட சமதளம். சதர்ன் அப்லண்ட் வே என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு அது, எனவே வழிகாட்டிக் கம்பங்கள் இருக்கும். முடிவில் எதிர்க்கரையில் இருக்கும் காட்டன்சைட்டுக்குப் போகிற சங்கிலிப் பாலம், 1826-ல் கட்டியது, நடப்பவர்களுக்கு மட்டும். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது, வேண்டுமென்றே ஆட்டினால் தண்டனை என்று பழைய அறிவிப்பு ஒன்று அங்கே உண்டு. படித்துவிட்டு எல்லோரும் லேசாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள், நானும்தான். பாலத்திலிருந்து சில நிமிட நடையில் 1136-ல் தொடங்கிய கிறிஸ்தவத் துறவிகள் மடத்தின் இடிபாடு. ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸின் இதயத்தை மட்டும் தனியாகக் கொண்டுவந்து புதைத்த இடம். ஊருக்குப் பின்னால் மூன்று முகடுள்ள ஈல்டன் குன்றுகள் நின்று உங்களைக் கூப்பிடும். கீழே இருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெரிக் (Berwick). எழுத்தைப் பார்த்து ‘பெர்விக்’ என்று டிக்கெட் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். ஆற்றின் வடகரையில் இருக்கிறது, ஆனாலும் இங்கிலாந்து. ஏனென்றால் கடலை நெருங்கும் கடைசிச் சில கிலோமீட்டரில் எல்லை ஆற்றை விட்டு வடக்கே ஏறிவிடுகிறது, இரண்டு கரையும் இங்கிலாந்தாகிவிடும். இந்த ஊர் 13 தடவை கைமாறியது என்பார்கள், கடைசியாக இங்கிலாந்து கைக்கு வந்தது 1482-ல். உள்ளூர்க் கால்பந்து அணி இன்னமும் ஸ்காட்லாந்து லீகில்தான் ஆடுகிறது, அது தனிக் கதை. நடைக்கு வருகிறேன். பழைய பாலத்திலிருந்து மேல்நோக்கி ஆற்றோரமாகப் போனால் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1850-ல் திறந்த ரயில் பாலத்துக்கு அடியில் நுழைவீர்கள், 28 வளைவுகள். சும்மா நின்று அண்ணாந்து பார்க்கவே கால் மணி நேரம் ஆகும். இதுவும் சமதளம்தான். தெம்பு மிச்சமிருந்தால் ஊரைச் சுற்றிய பழைய கோட்டை மதில்மேல் ஒரு சுற்று, இரண்டு கிலோமீட்டர்.

மூன்றாவதாக ஹார்ன்கிளிஃப், முதல் இரண்டும் முடித்த பிறகு. அங்கே யூனியன் சங்கிலிப் பாலம் இருக்கிறது, 1820-ல் திறந்தது, நடுவில் தூண் இல்லாமல் 137 மீட்டர் நீளம், அன்று உலகிலேயே நீளமான தேனிரும்புத் தொங்குபாலம். பழுதுபார்த்து 2023-ல் மறுபடி திறந்தார்கள், இப்போதும் கார் போகிறது. பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு காலை இங்கிலாந்திலும் ஒரு காலை ஸ்காட்லாந்திலும் வைத்துக்கொள்ளலாம், பேரப்பிள்ளைகள் இருந்தால் அதற்காகவே கூட்டிப்போகலாம். ஆனால் ஊர் மேட்டில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில். இறங்கினால் ஏறவேண்டும். அதுவும் மழைக்கு மறுநாள் அந்தச் சரிவு வழுக்கும், என் பேன்ட் சாட்சி. மழை கொட்டிய வாரங்களில் ட்வீட் சீக்கிரம் ஏறிவிடும், கரையோரத் தாழ்நிலப் பாதை தண்ணீருக்குள் போய்விடும். ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் துறை ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது, மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நாய். தாராளமாகக் கூட்டிப்போங்கள், கயிற்றில். குட்டி போட்டிருக்கும் ஆடுகள் பக்கம் அவிழ்க்கவே கூடாது. ஆட்டை விட எனக்குப் பயம் பசுமாடுதான். நம் ஊர்ப் பசுவை நினைத்துக்கொண்டு தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசு நாயைப் பார்த்தால் ஓடிவரும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல் சுற்றிப் போங்கள், துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும், உங்களால் அந்த வேகத்தில் ஓட முடியாது.

தூண்டில்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்வீட் சால்மன் மீனுக்குப் பேர்போனது. பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை பருவம், இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நிற்பார்கள், அந்த இடத்துக்காக நல்ல பணம் கட்டியிருப்பார்கள். தூண்டிலை வீச முதலில் அது பின்னால் வரும், எனவே அவர்கள் முதுகுப்பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று, அவர்கள் கவனித்தபிறகு தாண்டுங்கள். நாய் தண்ணீரில் குதித்தால் மன்னிக்கவே மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, வேடிக்கை என்னவென்றால் மீன் விஷயத்தில் மட்டும் இங்கிலாந்துக் கரைக்கும் ஸ்காட்லாந்தின் விதிதான். அதனால் ஞாயிறு கரை காலியாக இருக்கும், நாயும் குளிக்கலாம்.

ஆகவே முதல் நடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்வீட்பேங்க் போங்கள். அன்று ரயில் குறைவாக இருக்கும், திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ஜூனில் இரவு பத்துவரை வெளிச்சம் இருப்பதால் கடைசி ரயிலை விட்டுவிடுவது மிகச் சுலபம். வழியில் வரும் முதல் கேட்டை நீங்களே திறங்கள், மகளை விடாதீர்கள்.