புதிய கேம் ஷாஃப்டுக்கு ஏற்ற வால்வு ஸ்பிரிங்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (குடியாத்தம்): ஐயா, என் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்குக் கூடுதல் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) உள்ள கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வாங்கியிருக்கிறேன். பழைய வால்வு ஸ்பிரிங்குகள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றையே போடலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் போடாதீர்கள். ஸ்பிரிங் நன்றாக இருப்பது வேறு, புதிய கேமுக்குப் பொருந்துவது வேறு. வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங்கின் உயரம் 40 மி.மீ., வால்வில் அளந்த பழைய லிஃப்ட் 9 மி.மீ., சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் உயரம் 29.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்சியது, லிஃப்ட் 10.5 மி.மீ. ஆனதும் அது முற்றிலும் மறைந்து, புஷ் ராடு (கேமின் அசைவை வால்வு நோக்கிக் கொண்டுசெல்லும் கம்பி) வளையவோ கேமின் மூக்கு (அதன் புடைப்பு முனை) தேயவோ தொடங்கிவிடும். குறைந்தது 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். ரிடெய்னரின் (ஸ்பிரிங்கை மேலிருந்து பிடிக்கும் தட்டு) அடிக்கும் வால்வு கைடின் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) தலைக்கும் இடையிலும் அவ்வளவே வேண்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை): எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றால், கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போடுவது பாதுகாப்பு அல்லவா?

பதில்: இல்லை. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அதிக வேகத்தில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேவைக்கு மேற்பட்ட அழுத்தம் முழுவதும் கேமின் மூக்கின் மீதே இறங்குகிறது. மூடிய நிலையில் 40 கிலோ அழுத்தமும், மி.மீ.க்கு 4 கிலோ விறைப்பும் உள்ள ஸ்பிரிங், 10 மி.மீ. லிஃப்டில் 80 கிலோ அழுத்தும். கேம் தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள இரு அழுத்தங்களோடும் (மூடிய நிலை, முழு லிஃப்ட்) இவற்றை ஒப்பிட்டு, சற்றுக் குறைவாக இருந்தால் ஷிம் (ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் மெல்லிய வளையம்) வைத்துச் சரிசெய்யுங்கள். ஷிம் வைத்தபின் சுருள் இடைவெளியை மறுபடி அளக்க மறக்காதீர்கள்.

கேள்வி (காட்பாடி): இரட்டை ஸ்பிரிங் வைத்திருக்கிறேன். முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடச் சொல்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா?

பதில்: மிகச் சரி, கேமின் மூக்கின் மீது இறங்கும் அழுத்தம் அப்போது குறையும். தட்டை டேப்பட் (கேமின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் உருளை) உள்ள என்ஜினில் கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும் முதல் 20 முதல் 30 நிமிடங்கள்தாம் அந்தக் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கேமின் மூக்கு இலேசான சரிவோடும் டேப்பட்டின் முகம் இலேசான குவிவோடும் கடையப்பட்டிருப்பதால் டேப்பட் சுழன்றுகொண்டே தேய்கிறது. சுழற்சி நின்றால் ஒரே கோட்டில் அரைபட்டுப் போகும். ஆகவே பழைய டேப்பட்டைப் புதிய கேமோடு சேர்க்கவே கூடாது. கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தெறிப்பதிலிருந்தே கிடைப்பதால், ஸ்டார்ட் ஆனவுடன் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோய், சற்றே ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். வாலாஜாபேட்டைப் பட்டறை ஒன்றில், கார்புரேட்டரைச் சரிசெய்கிறேன் என்று புது கேமைக் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு, இரண்டு மூக்குகள் வட்டமாகிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வேதனை இன்னும் எனக்கு மாறவில்லை. இக்னிஷன் டைமிங், பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர் அனைத்தையும் முன்பே சரிபார்த்து, நம் ஊர் சித்திரை வெயிலில் என்றால் விடியற்காலையிலேயே இதைச் செய்யுங்கள்.

கேள்வி (ஆம்பூர்): எந்த ஆயில் ஊற்றுவது?

பதில்: துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயில். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய 5டபிள்யூ-30 பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அவை இதற்கு உகந்தவை அல்ல. மூக்குகளிலும் டேப்பட் முகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கேள்வி (ஆற்காடு): அது முடிந்ததும் ஏலகிரி ஏறலாமா?

பதில்: உள் ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போடும்வரை வேண்டாம், வெளி ஸ்பிரிங் மட்டும் உயர் வேகத்தைத் தாங்காது. இதற்காக ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றத் தேவையில்லை. பிளக் துளை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொண்டு, பிஸ்டன் அதை வால்வுகளின் மேல் அழுத்தும்வரை கையால் கிராங்கைத் திருப்பினால், வால்வு கீழே விழாது.