ஸ்லைடில் மூச்சுக்குழாய்: கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் திசுவியல் கற்பிக்கும் பேராசிரியை பதிலளிக்கிறார்.

மேடம், மூச்சுக்குழாயின் எபிதீலியத்தில் (உட்புறத்தை மூடியிருக்கும் செல் படலத்தில்) உட்கருக்கள் மூன்று வரிசையாகத் தெரிகின்றன. பிறகு எப்படி அதை ஒற்றை அடுக்கு என்கிறார்கள்? (முதலாமாண்டு மாணவி)

உட்கருவை எண்ணினால் ஏமாந்துதான் போவீர்கள் அம்மா. செல்கள் கால் ஊன்றும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு செல்லும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. குட்டையான அடிச்செல்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. மேலே மயிர்போன்ற அசையும் நுண்ணிழைகள் கொண்ட குறு இழைச் செல்களும், சளி சுரக்கும் கோப்பைச் செல்களும் மேற்பரப்புவரை எட்டுகின்றன. அதனால் உட்கருக்கள் மேலும் கீழுமாக அமைகின்றன. இதற்குத்தான் பொய்யடுக்கு என்று பெயர். ஸ்லைடுக்காகத் திசுவை வெட்டிய மெல்லிய சீவல் சாய்வாக விழுந்திருந்தால் அடுக்குகள் இன்னும் கூடியதுபோல் தோன்றும். அந்தப் பகுதியை விட்டு நகருங்கள்.

இன்னொன்று: எபிதீலியத்துக்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு பட்டை ஓடும். அதுதான் அடித்தளச் சவ்வு. பல உறுப்புகளில் சாதாரணச் சாயத்தில் கண்ணுக்கே படாத இது, மூச்சுக்குழாயில் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தடித்தது.

கோப்பைச் செல்கள் வெள்ளையாக, காலியாக இருக்கின்றன. ஸ்லைடு கெட்டுவிட்டதா?

இல்லை. உள்ளே இருக்கும் சளிப்பொருள் வழக்கமாக இடும் ஹீமடாக்சிலின்-இயோசின் சாயத்தைச் சரியாக ஏற்பதில்லை. சளிப்பொருளுக்கு நிறமேற்றும் பி.ஏ.எஸ். என்ற சாயம் இட்ட ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே செல்கள் கருஞ்சிவப்பாக நிறைந்து நிற்கும்.

புவியீர்ப்புக்கு எதிராகச் சளி எப்படி மேலே ஏறுகிறது? மாணவர்கள் கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை. (பள்ளி ஆசிரியர்)

நல்ல மாணவர்கள் சார். ஒரு குறு இழைச் செல்லில் ஏறத்தாழ 200 முதல் 300 இழைகள் உண்டு. ஒவ்வொன்றும் 6, 7 மைக்ரோமீட்டர் உயரம். இழைகளைச் சுற்றி நீர்த்த திரவம், அதன்மேல் பிசுபிசுப்பான சளிப்படலம் என இரண்டு தளங்கள். முன்னோக்கி அடிக்கும்போது இழை விறைத்து நிமிர்கிறது. அதன் நுனி சளியைத் தொட்டுத் தொண்டைப் பக்கம் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, நீர்த்த திரவத்துக்குள்ளேயே பதுங்கி வருகிறது. ஆகவே சளி பின்வாங்குவதில்லை. நொடிக்குப் பத்து முறைக்குமேல் இது நடக்கிறது. சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறது. தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

இழைக்குள் ஒன்பது இணை நுண்குழல்கள் வட்டமாகவும், நடுவில் இரண்டு தனியாகவும் இருக்கின்றன. அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கச் செய்வது டைனீன் என்ற புரதம். சிறு வயதிலிருந்தே ஓயாத சளித்தொல்லை உள்ள சிலருக்கு, நுண்குழல்களிலிருந்து கைபோல் நீளும் இந்த டைனீன் இல்லை என்பதை 1976இல் ஸ்வீடனின் அஃப்செலியஸ் எழுதினார். இத்தகையோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும்! கருவில் இடம் வலம் தீர்மானமாவதும் குறு இழைகளின் அசைவால்தான்.

இருபது ஆண்டுகளாகப் புகைக்கிறேன். காலையில்தான் இருமல் அதிகம். உள்ளே என்ன ஆகியிருக்கும்?

குறு இழைகள் குறைந்து, கோப்பைச் செல்கள் பெருகி, அடியிலுள்ள சுரப்பிகளும் பருத்திருக்கும். சில இடங்களில் தூண் செல்கள் போய்த் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக வந்திருக்கலாம். சளி கூடிவிட்டது, சுமக்க ஆளில்லை. இரவெல்லாம் தேங்கியதை இருமல்தான் வெளியேற்றுகிறது. நிறுத்துங்கள். உட்படலம் பெருமளவு தேறக்கூடியது. நிறுத்திய புதிதில் இருமல் சற்றுக் கூடினாலும் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள். சளியில் ரத்தம் கண்டாலோ, எப்போதுமுள்ள இருமலின் தன்மை மாறினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

குருத்தெலும்பு ஏன் முழு வளையமாக இல்லை?

பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாயில் உணவுக் கவளம் இறங்க இடம் விடத்தான் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். அது பாதி விடைதான். 16 முதல் 20 வரையுள்ள இந்த வளையங்களின் பின்பக்கத் திறப்பை மென்தசை மூடுகிறது. இருமும்போது அது சுருங்கிக் குழாயைக் குறுக்குவதால் காற்று வேகமாகப் பாய்கிறது.

செய்முறைத் தேர்வில் மூச்சுக்கிளைக் குழாயோடு குழப்பிக்கொள்கிறேன்.

நுரையீரலுக்குள் உள்ள கிளை என்றால் குருத்தெலும்பு துண்டு துண்டாக இருக்கும். தசை சுற்றிலும் ஓடும். மூச்சுக்குழாயில் தசை பின்பக்கம் மட்டுமே.

எண்பது வயதான என் பாட்டியின் எக்ஸ்ரேயில் வளையங்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. நோயா?

வயதானால், அதிலும் பெண்களுக்கு, குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவது சகஜம். மருத்துவர் வேறெதுவும் சொல்லவில்லையென்றால் பாட்டியை நிம்மதியாக இருக்க விடுங்கள்.